பன்னிரண்டு வயது சார்ஜென்ட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஒரு வாசகர், "அமெரிக்கப் பட்டாளத்தில் மிகச் சிறிய வயதில் சார்ஜென்ட் ஆனது யார்?" என்று கேட்டிருந்தார். "ஜான் கிளெம், வயது 12, உள்நாட்டுப் போர் காலம்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதத்துக்கு மேல் கடிதமாக வந்துவிட்டது. முப்பத்து நான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்த எனக்கு, ஒரு பிள்ளையின் கதையை ஒரு வரியில் முடித்திருக்கக் கூடாது என்று அப்புறம்தான் உறைத்தது. அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு அவனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற தபால்காரர், கரூர்): பன்னிரண்டு வயதுப் பையனுக்கு யார் ஐயா சார்ஜென்ட் பட்டை கொடுத்தார்கள்? எதற்குக் கொடுத்தார்கள்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

சொல்கிறேன். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்தது அந்தப் போர். கறுப்பின மக்களை அடிமையாக வைத்திருப்பதை விடமாட்டோம் என்று தென் மாநிலங்கள் பிரிந்து தனி அரசு அமைத்தன. பிரிய விடமாட்டோம் என்று ஆபிரகாம் லிங்கன் தலைமையில் வடக்கு நின்றது. நம் பையன் வடக்குப் பக்கம். ஒஹாயோ மாநிலத்தில் நியூவார்க் என்ற ஊர். 1851 ஆகஸ்ட் 13 அன்று பிறந்தான். போர் மூண்டபோது அவனுக்குப் பத்து வயதுகூட நிறையவில்லை.

வீட்டை விட்டு ஓடிப்போய், டிரம் அடிக்கும் பையனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு படையிடம் கேட்டான். "போடா, குழந்தைகளைச் சேர்ப்பதில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அவன் விடவில்லை. கடைசியில் 22வது மிச்சிகன் காலாட்படை என்ற பிரிவோடு ஒட்டிக்கொண்டான். அங்கேயும் முதலில் மறுத்தார்கள். ஆனாலும் பின்னாலேயே போனான். துரத்தினாலும் வாசலை விட்டுப் போகாத பையனை என்ன செய்வது? சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வைத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அவன் பெயர் பட்டாளத்துப் பதிவேட்டில் இல்லை. ஆகவே அரசாங்கச் சம்பளம் கிடையாது. அதிகாரிகள் தங்களுக்குள் காசு போட்டு, ஒரு சிப்பாய் வாங்கும் மாதச் சம்பளமான 13 டாலரை அவன் கையில் கொடுத்தார்கள். அவன் அளவுக்குச் சின்னதாகச் சீருடை தைத்துக் கொடுத்தார்கள். துப்பாக்கி அவனைவிட நீளமாக இருந்ததால் குழலை அறுத்துக் குட்டையாக்கிக் கொடுத்தார்கள். 1863 மே 1 அன்றுதான் பெயரை முறையாகப் பதிந்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 19, 20 தேதிகளில், ஜார்ஜியா மாநிலத்தில் சிக்கமாகா என்ற ஓடைக்கரையில் பெரும் சண்டை. இரண்டு நாளில் செத்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள், பிடிபட்டவர்கள் என்று இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 34,000 பேர். வடக்குப் படை தோற்றுப் பின்வாங்கியது. பின்வாங்கும் படைக்கு நேரம் வாங்கிக் கொடுக்க ஒரு மேட்டில் நின்று சண்டை போட்ட பிரிவுகளில் 22வது மிச்சிகனும் ஒன்று. தோட்டா தீர்ந்தபிறகும் நின்றார்கள். பெரும்பாலானவர்கள் அங்கேயே விழுந்தார்கள், அல்லது பிடிபட்டார்கள். அந்தக் கலவரத்தில் தெற்குத் தரப்பு அதிகாரி ஒருவர் குதிரையில் வந்து, "சரணடையடா, குட்டிப் பயலே" என்கிற மாதிரி அதட்டினாராம். பையன் அந்தக் குட்டைத் துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டான். அதிகாரி குதிரையிலிருந்து விழுந்தார். அப்புறம் பையன் பிணங்களுக்கு நடுவே செத்தவன் மாதிரிக் கிடந்து, இருட்டிய பிறகு தப்பித்துத் தன் பக்கம் வந்து சேர்ந்தான். இப்படித்தான் அந்தக் கதை சொல்லப்படுகிறது.

அதற்குத்தான் சார்ஜென்ட் பதவி. நிதியமைச்சர் சால்மன் சேஸின் மகள் கேட் சேஸ் ஒரு வெள்ளிப் பதக்கமும் கொடுத்தார். பத்திரிகைகள் "சிக்கமாகாவின் டிரம் பையன்" என்று பெயர் சூட்டின. கையில் மூன்று பட்டை தெரிய அவனைப் புகைப்படம் எடுத்தார்கள். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. பொத்தான் போட்ட சட்டை, உருண்டை முகம். ஏழாம் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்காரும் முகம்.

கேள்வி (இல்லத்தரசி, விருதுநகர்): எனக்கும் பத்து வயதில் மகன் இருக்கிறான். அந்தப் பிள்ளையின் அம்மா எப்படி விட்டாள்?

அவனுக்குத் தாய் இல்லை, அம்மா. ரயில் பாதையைக் கடக்கும்போது அடிபட்டு இறந்துபோனார். பையன் ஓடிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

அந்த நாளைப் பற்றி அவன் தங்கை பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1861 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு மேசையில் பையன் அப்பாவிடம், "நான் டிரம் அடிக்கப் பட்டாளத்துக்குப் போகட்டுமா?" என்று கேட்டிருக்கிறான். "என்ன பேச்சு இது, உனக்கு இன்னும் பத்து வயதுகூட ஆகவில்லையே" என்று அப்பா தள்ளிவிட்டார். சாப்பிட்டு முடித்து, ஏழு வயதுத் தங்கையையும் ஐந்து வயதுத் தம்பியையும் அழைத்துக்கொண்டு மாதா கோயிலின் ஞாயிறு வகுப்புக்குப் போனான். வகுப்பு தொடங்க நேரம் இருந்ததால் குளித்துவிட்டு வருகிறேன் என்று போனவன்தான். இரண்டு வருஷம் வீட்டார் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரில் போய்விட்டான் என்றே முதலில் நினைத்தார்களாம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இது நேரான பதில் இல்லைதான். ஆனால் யாரும் அவனை அனுப்பவில்லை, யாரும் பிடித்துக்கொண்டும் போகவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அப்பா வேண்டாம் என்றார். முதல் படை வேண்டாம் என்றது. இரண்டாவது படை அவன்மேல் இரக்கப்பட்டது. காசு போட்ட அதிகாரி, சட்டை தைத்தவர், துப்பாக்கிக் குழலை அறுத்துக் கொடுத்தவர், இவர்களில் ஒருவரைக்கூடக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அத்தனை பேரும் பிரியமாகத்தான் செய்தார்கள். ஒவ்வொருவர் பிரியமும் அவனைச் சண்டைக்கு ஒரு அடி கிட்டக் கொண்டுபோய் விட்டது.

நான் வேலை பார்த்த பக்கத்தில் ஒரு காலத்தில் விடிவதற்கு முன் பஸ் வந்து பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிக்கொண்டு போகும். என் வகுப்புப் பெண் ஒருத்தி ஆறாம் வகுப்போடு நின்றாள். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "சார், அங்கே எங்க பிள்ளையை ரொம்ப நல்லா வச்சுக்கிறாங்க, கைக்கு எட்டற மாதிரி பலகை போட்டுக் கொடுத்திருக்காங்க" என்றார் அவள் அப்பா, நிம்மதியாக. அந்தப் பலகையை நான் பார்க்கவில்லை. குழல் அறுத்த துப்பாக்கியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பலகைதான் நினைவுக்கு வருகிறது.

கேள்வி (பள்ளி பேண்டு பயிற்சியாளர், பாளையங்கோட்டை): குண்டு பறக்கும் இடத்தில் டிரம்முக்கு என்ன வேலை? மேளம் கொட்டிச் சண்டை போடுவார்களா?

உங்களுக்கு இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. நானும் பள்ளிக்கூட பேண்டில் சைடு டிரம் அடித்தவன். எட்டாம் வகுப்பில். வார் தோளை அறுக்கும். நடக்க நடக்க டிரம்மின் விளிம்பு இடது தொடையில் இடித்துக்கொண்டே வரும். குடியரசு தின அணிவகுப்பு முடிந்தால் இரண்டு நாளைக்குத் தொடை கன்றிப் போயிருக்கும். மைதானத்தை மூன்று சுற்று வந்ததற்கே அந்தப் பாடு.

அந்தக் காலப் பட்டாளத்தில் கம்பியில்லாக் கருவி எதுவும் கிடையாது. ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் உத்தரவு போட மனிதக் குரல் எட்டாது. குதிரைப்படைக்கு ஊதுகொம்பு, காலாட்படைக்கு டிரம். எழுந்திரு, சாப்பிட வா, கூடாரத்தைப் பிரி, அணிவகுத்து நில், முன்னேறு, பின்வாங்கு, விளக்கை அணை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடி. அவற்றில் ஒன்று "நீள் உருட்டு". குச்சி இரண்டும் நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கும். அது கேட்டால் எதிரி வந்துவிட்டான், உடனே ஆயுதத்தை எடு என்று பொருள். நடுராத்திரியில் அதை அடிக்க வேண்டிய கை ஒரு சிறுவனுடையதாக இருக்கும். அவன் அடி தப்பினால் ஆயிரம் பேர் தப்பான பக்கம் போவார்கள். நீங்கள் பயிற்சியாளர், பிள்ளைகளுக்குக் கை எப்போது தடுமாறும் என்று உங்களுக்குத் தெரியும். பயந்தால்தான் தடுமாறும்.

சண்டை மும்முரமானதும் டிரம்மைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை. காயம்பட்டவர்களைத் தூக்குக் கட்டிலில் சுமப்பது, தண்ணீர் கொண்டுவருவது, வைத்தியக் கூடாரத்தில் டாக்டருக்குக் கைவேலை செய்வது. அந்தப் போரில் கை கால் எலும்பு நொறுங்கினால் பெரும்பாலும் வெட்டி எடுப்பதுதான் வைத்தியம். அந்தக் கூடாரங்களில் நின்றவர்களில் இந்தப் பையன்களும் உண்டு. அதற்குப் பதக்கம் கிடையாது.

வயது விஷயம் கேட்டால் இன்னும் வேதனை. சிப்பாயாகச் சேர 18 ஆக வேண்டும் என்பது விதி. இசைக்காரர்களுக்கு மட்டும் அதில் தளர்வு இருந்தது, அந்த வாசல் வழியாகத்தான் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். பொய் சொல்ல மனமில்லாத பையன்கள் ஒரு தாளில் 18 என்று எழுதிச் செருப்புக்குள் வைத்துக்கொண்டு, "நான் பதினெட்டுக்கு மேலே இருக்கிறேன்" என்று சத்தியம் செய்வார்களாம். இதைக் கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளும் சிரித்தார்கள். பொய் சொன்னால் பாவம் என்று நம்புகிற வயது அது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1864ல்தான் 16 வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதற்குள் போர் மூன்று வருஷத்தைத் தாண்டிவிட்டது.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், தர்மபுரி): அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் கிளெமுக்குத்தான் கிடைத்ததா?

இல்லை. தேர்வில் இப்படி எழுதிவிடாதீர்கள். அந்த விருதைப் பெற்றவர்களில் மிகச் சிறியவன் வில்லி ஜான்ஸ்டன். 3வது வெர்மான்ட் படையின் டிரம் பையன். 1862 ஜூன் 25 முதல் ஜூலை 1 வரை வர்ஜீனியாவில் நடந்த ஏழு நாள் சண்டையில் அவனுக்குப் பதினொரு வயது. வடக்குப் படை பின்வாங்கி ஓடும்போது பெரியவர்கள் துப்பாக்கி, கம்பளி, மூட்டை எல்லாவற்றையும் வழியில் வீசிவிட்டு ஓடினார்கள். அவன் தன் டிரம்மை விடவில்லை. அவன் இருந்த டிவிஷனிலேயே டிரம்மோடு திரும்பி வந்தவன் அவன் ஒருவன்தான். 1863 செப்டம்பரில் விருது கொடுத்தபோது வயது பதின்மூன்று.

விருதுக் குறிப்பை விட்டுவிட்டு நான் அந்தக் காட்சியைத்தான் பார்க்கிறேன். சாமானைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால் அது உயிர் போனாலும் விடாது. பஸ்ஸில் கூட்டத்தில் நசுங்கினாலும் தூக்குவாளியை விடாமல் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளையை நாம் பார்த்ததில்லையா?

இன்னொருவன் ஓரியன் ஹோ. இவனைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். 55வது இல்லினாய் படை. 1863 மே 19, மிசிசிப்பி ஆற்றங்கரையில் விக்ஸ்பர்க் கோட்டையை வடக்குப் படை முற்றுகையிட்ட நேரம். படைக்குத் தோட்டா தீர்ந்துவிட்டது. பின்னால் போய்ச் சொல்லி வாங்கிவர வேண்டும். பதினான்கு வயது ஹோ போனான். வழியில் காலில் குண்டு பட்டது. ரத்தம் ஒழுக நொண்டிக்கொண்டே போய், ஜெனரல் ஷெர்மனைப் பார்த்து, தோட்டா அனுப்புங்கள், எங்கள் ஆட்களிடம் ஒன்றும் இல்லை என்றான். ஷெர்மன் அவன் காலைப் பார்த்து என்னவென்று கேட்க, சுட்டுவிட்டார்கள், நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொள்கிறேன், நீங்கள் தோட்டாவை அனுப்புங்கள் என்றான். ஷெர்மன் உடனே அனுப்புகிறேன், நீ போ என்றார். நொண்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போனவன், மேட்டிலிருந்து திரும்பிப் பார்த்துக் கத்தினான்: "54 காலிபர்!"

தோட்டாவின் அளவு அது. அளவு மாறினால் அந்தத் துப்பாக்கியில் போகாது. ஷெர்மன் இதைப் போர் அமைச்சருக்கே கடிதமாக எழுதினார். கண்ணீரும் ரத்தமுமாக நிற்கிற பிள்ளைக்கு அந்த எண் ஞாபகம் இருந்தது ஷெர்மனை உலுக்கிவிட்டது. கடைக்கு அனுப்பும்போது "ரெண்டு ரூபாய் பாக்கெட் இல்லை, அஞ்சு ரூபாய் பாக்கெட்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புவோமே, அதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போவார்களே, அப்படித்தான் அவன் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே ஓடியிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது.

விருது அவனுக்கு 1896ல்தான் வந்தது. நாற்பத்தேழு வயது, பல் டாக்டர். 1930 வரை வாழ்ந்தார்.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவி, மன்னார்குடி): கிளெம் உண்மையிலேயே அந்த அதிகாரியைச் சுட்டாரா? எங்க சார் இது கட்டுக்கதை என்கிறார்.

உன் சாரிடம் என் வணக்கத்தைச் சொல்லு. சந்தேகப்படச் சொல்லிக்கொடுப்பவர் நல்ல ஆசிரியர்.

இரண்டு கதை இருக்கிறது, பிரித்துப் பார். ஒன்று, 1862 ஏப்ரலில் ஷைலோ என்ற இடத்தில் நடந்த சண்டையில் குண்டு விழுந்து கிளெமின் டிரம் நொறுங்கியது, அதனால் "ஜானி ஷைலோ" என்று பெயர் வந்தது என்பது. அவன் இருந்த 22வது மிச்சிகன் படையே 1862 ஆகஸ்டில்தான் உருவானது. ஏப்ரலில் இல்லாத படையோடு ஏப்ரல் சண்டைக்கு எப்படிப் போயிருக்க முடியும்? தேதியை வைத்தே இதைத் தள்ளிவிடலாம்.

இரண்டாவது, சிக்கமாகா. அவன் அந்தக் களத்தில் இருந்தான், அந்தப் படையோடு நின்றான், சார்ஜென்ட் ஆனான். இதில் சந்தேகம் இல்லை. விழுந்த அதிகாரி கர்னல் என்று பத்திரிகைகள் எழுதின. செத்தார் என்று சிலர், காயம்தான் என்று சிலர். தோல்வியடைந்த சண்டை அது. தோற்ற பக்கத்துக்கு ஒரு நல்ல கதை அவசரமாகத் தேவைப்பட்டது. பையன் கிடைத்தான். கதை கொஞ்சம் ஊதிப் பெரிதாகியிருக்கும் என்பதுதான் என் முடிவு.

ஆனால் ஒன்று சொல்கிறேன் கண்ணு. அவன் சுட்டது உண்மையென்றால், உன்னைவிடச் சின்னப் பையன் ஒரு மனிதரைச் சுட்டிருக்கிறான், அதற்கு ஊரே கைதட்டியிருக்கிறது. பொய்யென்றால், செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்லி அந்தப் பிள்ளையை ஆயுசு முழுக்க அந்தக் கதையைச் சுமக்க வைத்திருக்கிறார்கள். எது நல்லது என்று உன் சாரையும் கேட்டுப் பார்.

கேள்வி (வங்கி ஊழியர், ஈரோடு): போர் முடிந்த பிறகு என்ன ஆனார்? இப்படிப்பட்ட பிள்ளைகள் பின்னால் வீணாகிப் போவார்கள் என்று படித்திருக்கிறேன்.

இவர் வீணாகவில்லை. இதுவரை "அவன்" என்றேன், இனி "அவர்". அட்லாண்டா பக்கத்துச் சண்டைகளில் இரண்டு முறை காயப்பட்டு, 1864 செப்டம்பரில் பட்டாளத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். அப்போது வயது 13. ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். 1870ல் உயர்நிலைப் பள்ளி முடித்தார். அதிகாரி ஆகவேண்டும் என்று வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதினார். தேறவில்லை. தேற எப்படி முடியும்? மற்றவர்கள் இலக்கணமும் கணக்கும் படித்த வருஷங்களில் இவர் படையோடு அலைந்துகொண்டிருந்தார். பன்னிரண்டு வயதில் சார்ஜென்ட் ஆக்கியது பட்டாளம், அதே பட்டாளம் வைத்த தேர்வில் பெயில்.

அப்போது நாட்டின் ஜனாதிபதி யுலிசிஸ் கிராண்ட். போரில் வடக்குப் படைக்குத் தலைமை தாங்கியவர். அவர் தேர்வு இல்லாமலேயே 1871 டிசம்பரில் கிளெமை இரண்டாம் லெப்டினன்டாக நியமித்தார். போட்ட இடம் 24வது காலாட்படை. அதில் சிப்பாய்கள் எல்லோரும் கறுப்பின மக்கள். அடிமைத்தனத்துக்கு எதிரான போரில் டிரம் அடித்த பையன், விடுதலை பெற்ற மக்களின் படையிலேயே அதிகாரியாகப் போய் நின்றார். இந்த ஒரு இடத்தைப் படிக்கும்போது மட்டும் எனக்கு மனசு நிறைகிறது.

1882ல் குவார்ட்டர்மாஸ்டர் துறைக்கு மாறினார். துணி, கூடாரம், தீவனம், குதிரை, வண்டி என்று படைக்கு வேண்டிய சாமான்களை வாங்கிச் சேர்த்து அனுப்பும் துறை. பிறகு வந்த முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலைதான். ஆள் உயரம் ஐந்தடி அளவுதான். 1903ல் கர்னல். 1915ல் 64வது பிறந்தநாளன்று ஓய்வு பெற்றபோது, உள்நாட்டுப் போரில் பங்கெடுத்தவர்களில் அமெரிக்கப் பட்டாளத்தில் பணியில் மிச்சமிருந்த கடைசி ஆள் அவர்தான். மறு வருஷம் மேஜர் ஜெனரல் தகுதி கொடுத்தார்கள். முதல் மனைவி வடக்குப் படை ஜெனரல் ஒருவரின் மகள். அவர் இறந்த பிறகு மணந்தது தெற்குப் படையில் இருந்த ஒருவரின் மகளை. "என்னைவிட ஒன்றுபட்ட அமெரிக்கன் கிடையாது" என்று சொல்லிக்கொள்வாராம். 1937 மே 13 அன்று டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் இறந்தார். ஆர்லிங்டன் கல்லறையில் புதைத்தார்கள்.

நல்ல வாழ்க்கைதான். மறுக்கவில்லை. ஆனால் பதினொரு வயதில் போட்ட சீருடையை இடையில் ஏழு வருஷம் மட்டும் கழற்றினார், அறுபத்து நான்கு வயதில்தான் மறுபடி கழற்றினார். வேறு என்னவாக ஆகியிருப்பார் என்று பார்க்க அவருக்கே வாய்ப்பில்லாமல் போய்விட்டது.

கேள்வி (வழக்கறிஞர், சேலம்): இன்று இப்படிச் சேர்த்தால் குற்றம்தானே?

ஆம். 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் படையில் சேர்ப்பதும் சண்டையில் இறக்குவதும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றச் சட்டப்படி போர்க்குற்றம். அந்த நீதிமன்றம் 2012ல் வழங்கிய முதல் தண்டனையே இதற்குத்தான். காங்கோவின் ஆயுதக்குழுத் தலைவர் தாமஸ் லுபங்காவுக்கு 14 ஆண்டு சிறை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை நேரடிச் சண்டையில் ஈடுபடுத்தக் கூடாது என்று ஐ.நா.வின் விருப்ப நெறிமுறை (நாடுகள் விரும்பினால் ஏற்கும் ஒப்பந்தம்) 2002 பிப்ரவரி 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. இன்றைய கணக்குப்படி பார்த்தால், கிளெமுக்கு 13 டாலர் சேர்த்துக் கொடுத்த அந்த நல்ல மனிதர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள். இதை நான் மனசு கனத்துத்தான் எழுதுகிறேன்.

கேள்வி (தொடக்கப்பள்ளி ஆசிரியை, அறந்தாங்கி): எங்கள் பள்ளி மாறுவேடப் போட்டியில் ஒரு பையனுக்கு இந்த வேஷம் போடலாமா என்று யோசித்தேன். வீரச் சிறுவன் என்று சொல்லிக்கொடுக்கலாமா?

டீச்சர், வேஷம் போடுங்கள், தப்பில்லை. டிரம் கொடுங்கள், துப்பாக்கி வேண்டாம். மேடையில் அவன் பேச ஒரு சம்பவம் தருகிறேன்.

சார்ஜென்ட் ஆன மறு மாதம், 1863 அக்டோபரில், ரயில் காவலுக்குப் போனபோது ஜார்ஜியாவில் தெற்குக் குதிரைப்படையிடம் அவன் பிடிபட்டான். அவர்களுக்கும் அவன் பிரசாரத்துக்கு உதவினான். பாருங்கள், குழந்தைகளை அனுப்பிச் சண்டை போடும் நிலைமைக்கு வடக்கு வந்துவிட்டது என்று தெற்குப் பத்திரிகைகள் எழுதின. கைதி மாற்றத்தில் அவனை விடுவிக்கும்வரை வைத்திருந்தார்கள். பிடித்தவர்கள் அவன் சீருடையைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். தொப்பியையும் எடுத்துக்கொண்டார்கள். சிக்கமாகாவில் மூன்று குண்டு துளைத்த தொப்பி அது.

பிடிபட்டதைவிட, சட்டை போனதைவிட, அந்தத் தொப்பி போனதுதான் அவனுக்குத் தாங்க முடியாத வருத்தமாம். மூன்று ஓட்டை போட்ட அந்தத் தொப்பியை உங்கள் பையன் தலையில் வையுங்கள். கடைசியில் வேறொரு பிள்ளை வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போகட்டும். அவன் அதைத் திருப்பிக் கேட்கட்டும்.